சும்மாதான் நடக்கிறேன்

எட்டியாந்தோட்டையில் ஒழுங்காக உடுத்திய ஒரு மனிதர் ரோட்டோரமாக நடந்துபோனால் அதற்கு மூன்றே காரணம்தான் இருக்க முடியும். பஸ் போய்விட்டது, கையில் சல்லி இல்லை, வீட்டில் சண்டை. நாலாவதாக ஒரு காரணம் உண்டு என்பதை இந்த ஊர் இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை.

என்னுடையது அந்த நாலாவது. நான் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம், கூட்டுறவுக் கடைக்கு நடந்தோம், டவுனில் படம் பார்க்க நடந்தோம், எழவு வீட்டுக்கு நடந்தோம். இப்படி நடந்து நடந்து படித்து ஒரு வாத்தியார் உத்தியோகம் எடுத்ததே இனிமேல் நடக்காமல் இருப்பதற்குத்தான். ஓய்வுபெற்ற கையோடு சீனி வியாதி வந்தது. கிளினிக்கில் டொக்டர் என் கொப்பியைப் புரட்டிவிட்டு, “மாத்திரையோட சேர்த்து நல்லா நடங்க” என்றார். நாற்பது வருட முன்னேற்றம் ஒரு வரியில் போயிற்று.

சரி, நடப்பது என்று முடிவு. எட்டியாந்தோட்டை டவுனிலிருந்து கரவனெல்லவுக்கு. போகும்போது ரோடு, வரும்போது தோட்டத்துக் குறுக்குப்பாதை.

ரோடு என்பது ஹட்டன் ரோடு. வரைபடத்தில் ஏ-7 என்று மரியாதையாகப் போட்டிருக்கும். அவிசாவளையில் புறப்பட்டு தெஹியோவிட்ட, கரவனெல்ல, எட்டியாந்தோட்டை, கித்துல்கல என்று களனி கங்கையோடு பேசிக்கொண்டே ஏறிப்போகும் ரோடு. நடப்பவனுக்கு அதில் ஒதுக்கப்பட்ட இடம் வெள்ளைக் கோட்டுக்கும் கானுக்கும் நடுவில் ஒரு சாண். கொழும்புக்கு மரக்கறி கொண்டுபோகும் லொறியும், நுவரெலியாவுக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றிப்போகும் வேனும், ஒன்றையொன்று துரத்தும் தனியார் பஸ்ஸும் அந்த ஒரு சாணிலும் பங்கு கேட்கும். மிதிபலகையில் தொங்கும் கண்டக்டர் என்னைக் கண்டதும் தகரத்தில் படபடவென்று அடித்து, “நகின்ன, நகின்ன” என்று கையை நீட்டுவார். ஏறமாட்டேன் என்று தலையாட்டினால் அவர் முகத்தில் ஒரு வேதனை வரும் பாருங்கள், பெண் கேட்டு வந்து இல்லையென்று திரும்பிப் போகிறவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை பழைய மாணவர்கள். இந்தப் பக்கத்தில் திரீவீல் ஓட்டுகிற பையன்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். அவர்கள் ஏன் திரீவீல் ஓட்டுகிறார்கள் என்பதற்கு என் படிப்பித்தலும் ஒரு காரணமாக இருக்கலாம், அது வேறு கதை. ஒருநாள் ஒருத்தன் பக்கத்தில் வந்து பிரேக் போட்டான்.

“சேர், ஏறுங்க.”

“வேணாம் தம்பி, நடக்கிறேன்.”

“சல்லியெல்லாம் வேணாம் சேர்.”

“சல்லிக்கு இல்லடா. டொக்டர் நடக்கச் சொன்னாரு.”

“எந்த டொக்டர்?” என்றான், போய் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறவன் போல.

விளக்கினேன். விளங்கிக்கொண்டான். ஆனால் வயசாளியைத் தனியே விட்டுப் போக மனம் வரவில்லை. வண்டியை என் நடைக்குச் சரியாகக் குறைத்து, கூடவே உருட்டிக்கொண்டு வந்தான். தங்கச்சி கல்யாணம், வண்டியின் லீசிங் கட்டணம், என் வகுப்பில் தன் பக்கத்தில் இருந்தவன் இப்போது டுபாயில் என்று எல்லாக் கதையும் வந்தது. அவனுக்குப் பின்னால் ஒரு லொறி, அதற்குப் பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் ஹோர்ன் சத்தம் மட்டும். கொஞ்ச நேரம் ஹட்டன் ரோட்டின் போக்குவரத்து முழுக்க ஒரு சீனி நோயாளியின் வேகத்தில் நகர்ந்தது.

கிராமத்துச் சிங்கள அம்மாக்கள் இன்னும் பரிவானவர்கள். வாசலில் கூட்டிக்கொண்டிருப்பார்கள். என்னைக் கண்டதும் ஈர்க்குமாறு நிற்கும். “கொஹெத மாத்தயா, மே பயின்?” எங்கே ஐயா, கால்நடையாக? நான், “நிக்கங் எவிதினவா” என்பேன். சும்மாதான் நடக்கிறேன். உடனே, “அனே! பஸ் எக்க கியாத?” ஐயோ, பஸ் போய்விட்டதா? சும்மா என்பது யாருக்கும் பதிலாகப் படுவதில்லை. பஸ்ஸைத் தவறவிட்ட மனுஷன் வெட்கத்தில் பொய் சொல்கிறான் என்று நினைத்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள்.

கடைசியில் வழி கண்டுபிடித்தேன். கையில் ஒரு பை. கடைச் சாமான் வாங்குகிற சாதாரண ஷொப்பிங் பை, உள்ளே ஒன்றுமில்லை. பை பிடித்த மனிதருக்கு ஒரு வேலை இருக்கிறது, போகட்டும் என்று ஊர் விட்டுவிடுகிறது. பைக்குள் ஒரு இறாத்தல் பாண் இருந்தால் இன்னும் பாதுகாப்பு. பாணோடு போகிறவரை இலங்கையில் எவரும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை.

ஒரே ஒரு காலத்தில்தான் பை இல்லாமலும் நிம்மதியாக நடந்தேன். 2022ஆம் ஆண்டு. பெற்றோல் வரிசை டவுனைத் தாண்டி வளைந்து கிடந்தது. அந்த ஜூலையில் கியூஆர் குறியீட்டை அறிமுகப்படுத்தி, திரீவீலுக்குக் கிழமைக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். வங்கி உத்தியோகத்தரும் நடந்தார், கடை முதலாளியும் நடந்தார், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மாரும் நடந்தார்கள். யாரும் யாரையும் எங்கே என்று கேட்கவில்லை. நாடு வங்குரோத்தானதில் ஓர் ஆதாயம் உண்டென்றால் அது எனக்கு மட்டும்தான் கிடைத்திருக்கும். சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

இந்தப் பாதையில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்றால் இப்போதுள்ள பிள்ளைகள் நம்புவதில்லை. களனிவெளிப் பாதை, இரண்டரை அடி அகலத் தண்டவாளம். தேயிலையும் ரப்பரும் இறக்குவதற்காகப் போட்டது. 1902இல் அவிசாவளைக்கும், அடுத்த வருடம் எட்டியாந்தோட்டைக்கும் வந்தது. இன்னொரு கிளை 1912இல் இரத்தினபுரிக்குப் போய், 1919இல் ஓப்பநாயக்கவில் நின்றது. எங்கள் கிளையை 1942இல், யுத்த காலத்தில், மூடிவிட்டார்கள். மூடி பதினைந்து வருடத்தில் பக்கத்துக் கித்துல்கலைக்கு டேவிட் லீன் என்ற வெள்ளைக்கார டைரக்டர் வந்தார். ‘த பிரிஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்துக்காகக் களனி கங்கைக்குக் குறுக்கே பெரிய மரப்பாலம் கட்டி, ரயிலும் கொண்டுவந்து, 1957இல் பாலத்தையும் ரயிலையும் சேர்த்து வெடிக்கவைத்தார். படத்துக்கு ஒஸ்கார் கிடைத்தது. எங்கள் பக்கத்து ராசி அப்படி. நிஜ ரயிலைக் கழற்றிக்கொண்டு போனார்கள், பொய் ரயிலைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். இன்றைக்கும் வெளிநாட்டார் அந்தச் சரிவில் வியர்த்து வழிய இறங்கிப்போய், பாலம் இல்லாத இடத்தில் கரையோரம் மிஞ்சியிருக்கிற கொங்கிரீட் அடித்தளத்தைப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களை ஒருவரும் “பஸ் இல்லையா?” என்று கேட்பதில்லை என்பதையும் கவனித்து வைத்திருக்கிறேன்.

திரும்பும் வழி ரப்பர் மலை. சந்தியில் ஒரு பிளேன்டீ, சீனி இல்லாமல், குடித்துவிட்டு தோட்டத்துப் பாதையில் ஏறினால் அடுத்த நிமிடம் ரோட்டுச் சத்தம் அறுந்துவிடும். கம்பஹா ஹெனரத்கொடை பூங்காவில் 1876இல் நட்ட கன்றுகளிலிருந்து பரவிய மரம்தான் இது. பிரேசிலில் இருந்து இங்கிலாந்து போய், அங்கிருந்து இங்கே வந்து, எங்களைவிட அதிக நாடு பார்த்த மரம். விடியற்காலையில் பால் வெட்டிவிட்டுப் போயிருப்பார்கள். சரிவாகக் கீறிய பட்டையின் ஓரமாக வெள்ளைக் கோடு இறங்கி, தகரத் துண்டில் தயங்கி, சிரட்டையில் சொட்டும். சிரட்டைக்கு மேலே மழைக்குப் பொலித்தீன் பாவாடை கட்டியிருக்கும். மரத்துக்குப் பாவாடை கட்டிய தோட்டத்தில் பால் வெட்டுகிற பெண்ணுக்கு ஒரு நல்ல மழைக்கோட்டு கொடுத்திருப்பார்களா என்று எட்டிப் பார்த்தால், அவர் உரப்பையைத்தான் தலையில் மடித்துப் போட்டிருப்பார்.

ஓகஸ்ட், செப்டெம்பர் மாதம் வெயில் நாளில் நடப்பது தனி அனுபவம். காய் முற்றி, தலைக்கு மேலே எங்கோ ‘டப்’பென்று வெடிக்கும். ஒரு காயில் மூன்று கொட்டை, மூன்றும் மூன்று திசைக்குப் பறக்கும். புள்ளி போட்ட பழுப்பு நிறம், விரலுக்குள் வழுக்கும். அதைக் கல்லில் பரபரவென்று உரசி முன்னால் இருக்கிறவன் கையில் வைத்தால் துள்ளி எழும்புவான். என் வகுப்பில் கணக்குப் பாடம் நடந்த நேரங்களில் பெரும்பாலும் இதுதான் நடந்தது.

இனி அட்டை.

கேகாலை மாவட்டத்தின் இந்த மூலையில் வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. அதில் விளைகிற முதல் பயிர் அட்டைதான். தேயிலையும் ரப்பரும் அதற்குப் பிறகு. உதிர்ந்த இலையின் நுனியில் ஊசி போல நிமிர்ந்து நின்று, தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டிருக்கும். காலடியின் அதிர்வும் உடம்புச் சூடும் தெரிந்தவுடன் தலையை ஊன்றி வாலை இழுத்து, வாலை ஊன்றி தலையை நீட்டி, அளந்து அளந்து வரும். கடிப்பது தெரியாது, குடிப்பதும் தெரியாது. ரத்தம் உறையாமல் இருக்க ஏதோ ஒன்றைக் கலந்துவிடுகிறது. அதனால் அது வயிறு நிறைந்து விழுந்த பிறகுதான் கால்விரல் இடுக்கில் சிவப்பாக ஒழுகுவது தெரியும்.

இதற்கு மருந்து கேட்டால் லயத்துக்கு லயம் மாறும். மேட்டு லயத்தில் உப்பு, துணியில் முடிந்து கம்பு நுனியில் கட்டிக்கொள்ள வேண்டும். பணிய லயத்தில் சவர்க்காரம், முழங்கால் வரைக்கும் ஈரமாகத் தேய்த்து அப்படியே காயவிட வேண்டும். ஒருவர் தேசிக்காய் என்பார், இன்னொருவர் புகையிலைத் தண்ணீர் என்பார், டவுனில் இருந்து வந்த மருமகன் சித்தாலேப என்பார். நான் எல்லாவற்றையும் ஒரே நாளில் பூசிக்கொண்டு போனேன். அட்டை கிட்ட வரவில்லை. வழியில் கண்ட மனிதர்களும் வரவில்லை. இப்போது சவர்க்காரத்தோடு நிறுத்திக்கொண்டேன். பால் வெட்டுகிற அக்கா ஒருத்தி என் காலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “சேர் ரத்தத்தக் குடிச்ச அட்டைக்கும் ஒரு கிளினிக் கொப்பி போடணும்.”

சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் என்று ஒருவர், 1845 முதல் இலங்கையில் காலனித்துவச் செயலாளராக இருந்தவர், 1859இல் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் இந்த அட்டைக்குத் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறார். குதிரைகள் பட்ட பாட்டையும், பல்லக்குத் தூக்கிகளின் கணுக்காலில் அவை கொத்துக் கொத்தாகத் தொங்கியதையும் விவரிக்கிறார். தூக்குகிறவர்களின் கை இரண்டும் பல்லக்கில் இருந்ததால் பிடுங்கிப்போட முடியவில்லையாம். துரை எழுதினார், தூக்கியவர் கடிபட்டார். வேலைப் பிரிவினை அன்றைக்கே ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது.

அட்டையைத் தாண்டினால் கட்டுப்பொல். ரப்பர் விலை விழுந்த காலத்தில் சில மலைகளில் ரப்பரைப் பிடுங்கிவிட்டு எண்ணெய்ப்பனை நட்டார்கள். 2021 ஏப்ரலில் அரசாங்கம் இனி நடக்கூடாது, நட்டதையும் படிப்படியாக அகற்ற வேண்டும் என்று தடை போட்டது. அதற்குள் வளர்ந்தது வளர்ந்துவிட்டது. அதற்குள்ளே நடப்பதை நான் விரும்புவதில்லை. பகலிலும் இருட்டு, மட்டை முழுக்க முள். தோட்டத்து வாச்சர் வேறு, “சேர், பாதைய விட்டு எறங்காதீங்க, பன்னிக்கு எவனாச்சும் கட்டுத்துவக்கு வச்சிருப்பான்” என்று வழியனுப்பி வைப்பார். எனக்கும் பன்றிக்கும் வித்தியாசம் துவக்குக்குத் தெரியாது. மழை விடாமல் பெய்கிற நாளில் நான் மலைப் பக்கமே போவதில்லை. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்து ஆட்களோடு வீடுகளை மூடியது எங்கள் மாவட்டத்தில்தான். அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

பிறகு லயம் வரும். லயத்துக்குள் பையோடு நுழைந்தால் வேறொரு பிரச்சினை. முதல் காம்பராவில் ரேடியோ நின்றது. இரண்டாவதில் கதவு சாத்தியது. மூன்றாவது இஸ்தோப்பில் விளையாடிக்கொண்டிருந்த பொடியன் என்னைப் பார்த்து, யாரும் கேட்காமலே, “அம்மா வீட்ல இல்ல” என்றான். உள்ளேயிருந்து ஒரு குரல் மெதுவாக, “தெஹியோவிட்ட போயிருக்குன்னு சொல்லுடா” என்றது. “அம்மா தெஹியோவிட்ட போயிருக்குன்னு அம்மா சொல்லிச்சு” என்றான்.

கையில் பை, காலில் சப்பாத்து, நடந்து வருகிற ஆம்பிளை. கிழமைக் கடன் அறவிட வருகிற லோன்காரன்தான் அப்படி வருவான். “நான் லோன் இல்லம்மா, எட்டியாந்தோட்டை மாஸ்டர்” என்று சத்தமாகச் சொன்னேன். கதவு திறந்தது, ரேடியோ பாடியது, தேத்தண்ணி வந்தது, ரொட்டியும் கட்டச்சம்பலும் வந்தது. சீனி வேண்டாம் என்றதைக் கேட்டுக்கொண்டே மூன்று கரண்டி போட்டார்கள். டொக்டர் நடக்கச் சொன்னதன் பலன் அந்தக் கோப்பையோடு சரி. ஆனால் ஒன்று, கதவைச் சாத்துகிற அளவுக்கு இந்தப் பெண்களை விரட்டுகிற கடனை நினைத்தால் அட்டை எவ்வளவோ மரியாதையான பிராணி. அது வயிறு நிறைந்தால் விழுந்துவிடும்.

டவுனுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டியதில்லை. அக்கா, “கிட்டத்தான் சேர், ஒரு முடக்கு” என்றாள். அவள் புருஷன், “ரெண்டு மலை ஏறி எறங்கினா போச்சு” என்றார். திண்ணையில் இருந்த அம்மாயி, “ஒரு வாய் வெத்தல போட்டா துப்புறதுக்குள்ள போயிறலாம்” என்றது. அம்மாயி எப்போது துப்பும் என்பதைப் பொறுத்த கணக்கு அது. சிங்களக் கிராமத்தில் பழைய ஆட்களுக்கு ‘ஹூ’ என்ற அளவு இருக்கிறது. ஒருவர் ‘ஹூ’ என்று கூவினால் எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு. அதுவாவது காற்றையும் தொண்டையையும் கணக்கில் எடுக்கிறது. எங்கள் ‘கிட்டத்தான்’ எதையும் எடுப்பதில்லை. களைத்த மனிதனுக்கு உண்மை சொல்லி மனதை நோகடிக்கக் கூடாது என்ற நல்லெண்ணம் ஒன்றுதான் அதில் உள்ள அளவு.

தோட்டத்து ஆட்கள் ஏன் சும்மா நடப்பதை நம்பவில்லை என்று எனக்கு ஒரு நாள் விளங்கியது. மலையகத்துக்கு இருநூறு வருடம் என்று 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த பெரும் நடைபயணத்தை டிவியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் லயத்துத் தாத்தா ஒருவர் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“எதுக்கு இம்புட்டுத் தூரம் நடக்குறாங்க?”

“நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் கப்பல்ல எறங்கி அந்த வழியாத்தான் நடந்து வந்தாங்க தாத்தா. அத ஞாபகப்படுத்துறதுக்கு.”

“அவங்களுக்கு பஸ் இல்ல, நடந்தாங்க. இவங்களுக்கு என்னா?”

எனக்குப் பதில் வரவில்லை. காட்டுவழியில் காய்ச்சலிலும் கழிச்சலிலும் விழுந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு நடந்து வந்த கூட்டம் இது. அதன் பிறகு பிரட்டுக்களத்துக்கு நடை, மலைக்கு நடை, கொழுந்து மூட்டையோடு நடை, பால் வாளியோடு நடை. ஒரு பேருக்கான சம்பளத்துக்குள் எத்தனை மைல் அடங்கியிருந்தது என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் செக்ரோலில் எழுதவில்லை. இவ்வளவையும் நடந்து முடித்த சனத்திடம் போய் “உடம்புக்கு நல்லது” என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

அதனால் பிள்ளைகள் இப்போது வேனில் பள்ளிக்கூடம் போகிறார்கள். போகட்டும், அவர்களை அட்டை கடிக்க வேண்டாம். ஆனால் ஆள் நடமாட்டம் குறைந்த குறுக்குப்பாதையை மானாப்புல் மூடிக்கொண்டு வருகிறது. வெட்டு நிறுத்திய மலைகளில் பாதை எங்கே, காடு எங்கே என்றே தெரியவில்லை. படிக்கல் வைத்து, கானுக்குக் குறுக்கே மரம் போட்டு, யாரோ எப்போதோ வேலை முடிந்த நேரத்தில் சல்லி வாங்காமல் செய்த வழிகள் அவை. தோட்டத்து வரைபடத்திலும் இல்லை, பிரதேச சபைக் கணக்கிலும் இல்லை. மூடிப்போனால் திறந்துவிட ஆளில்லை.

கொழும்பில் கடைகளில் வேலை செய்துவிட்டு விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வரும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் ஒரு வேண்டுகோள். வருடத்தில் ஒருமுறையாவது கரவனெல்லச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மலைப் பாதையால் வீட்டுக்கு வாருங்கள். தீபாவளிக்கு வேண்டாம், அது மழைக்காலம், அட்டையும் குடும்பத்தோடு வந்திருக்கும். தைப்பொங்கலுக்கு வரும்போது நடங்கள், மண் காய்ந்திருக்கும். காலையிலேயே புறப்படுங்கள். காலில் சவர்க்காரம், கையில் ஒரு கத்தி, வழியில் நீட்டிக்கொண்டிருக்கிற புல்லை வெட்டிக்கொண்டே வரலாம். தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவாருங்கள். எவ்வளவு தூரம் என்று யாரையாவது கேட்டால் “கிட்டத்தான்” என்பார்கள். நம்பாதீர்கள்.